“தண்ணீர் திறந்துவிட்டார்களா?”

(நீடாமங்கலத்தில் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். தலைப்பைப் பார்த்துவிட்டு நான் பாசனம் பேச வந்திருப்பதாகச் சிலர் நினைத்திருப்பீர்கள். பாதி சரி. நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். சில ஆண்டுகள் ஒரு மத்திய சிறையில் ஞாயிறுதோறும் எழுத்து வகுப்பு எடுத்தேன். ஜூன் பிறந்தால் அங்கே ஓர் ஆயுள் கைதி என்னிடம் கேட்கும் கேள்விதான் இந்தத் தலைப்பு.

ஆயுள் என்றால் பதினான்கு வருடம் என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். தவறு. ஆயுள் என்றால் உயிருள்ளவரைதான். 1961இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்தில் ஆயுள் பெற்றவரை, 14 ஆண்டு முடியாமல் அரசு விடுவிக்கக் கூடாது என்று 1978இல் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதுதான் ஊர்வாயில் இப்படித் திரிந்துவிட்டது. பத்தாண்டு பெற்றவன் சுவரில் கோடு போட்டு நாள் கழிக்கலாம். ஆயுள் கைதி எதிலிருந்து எதைக் கழிப்பான்?

வ.உ.சி. என்றதும் நமக்குச் செக்கு நினைவுக்கு வருகிறது. 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்ற அந்த மனிதர், பிறகு அது குறைக்கப்பட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தார். இடையில் கண்ணனூர்ச் சிறையில், உடனிருந்த கைதிகள் கேட்டார்கள் என்பதற்காக, அதிகாரத்துக்குப் பத்து வரியாக அறநூல் எழுதினார். செக்கைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. கேட்க ஆள் இருந்தது, எழுதினார்.

என்னிடம் கேள்வி கேட்கும் நம் ஆயுள் கைதி கோரையாற்றுப் பாசனத்து விவசாயி. வரப்புத் தகராறு, கையில் மண்வெட்டி, ஓர் உயிர் போய்விட்டது. செத்தவர் வீடும் அதே தெருவில்தான். அந்த வீட்டு அம்மாளுக்கு என் பேச்சு பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

முதல் வகுப்பில் ‘தாய்ப்பாசம்’ என்று தலைப்புக் கொடுத்தேன். பள்ளிக்கூடப் புத்தி, வேறென்ன! அவர் வெற்றுத்தாளை நீட்டினார். “எழுத என்னிடம் என்ன இருக்கிறது ஐயா?” என்றார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “உங்கள் வயலுக்குத் தண்ணீர் எப்படி வரும்?” என்று கேட்டுவைத்தேன்.

அடுத்த வாரம் பதினொரு பக்கம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, இதோ இந்த நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில் பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என மூன்றாகி, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று மெலிந்து அவர் மடைக்கு வந்து சேரும் வரை. எந்த மடை முதலில், கடைமடைக்காரன் வாய்க்காலில் இறங்கிச் சண்டைக்கு வருவது எந்த வாரம், எல்லாம் இருந்தது. எழுத்துப்பிழைகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

அந்தப் பக்கங்கள் மகன் கைக்குப் போயின. அதுவரை ‘நலம், நலமறிய ஆவல்’ என்று வந்த கடிதங்களில் கேள்விகள் வரத் தொடங்கின. நிலத்தை இப்போது பார்ப்பவன் அவன்தானே. மேட்டுத்துண்டுக்கு எந்தப் பக்கம் மடை வெட்டுவது? குறுவைக்குத் தண்ணீர் வராவிட்டால் நேரடி விதைப்புச் சரிப்படுமா? பையன் மனு போட்டு அவரைப் பார்க்க வரும் நாளுக்குள் பதில் எழுதி முடிக்க வேண்டும். இரவில் கைதிகளை எண்ணி முடித்ததும் நோட்டோடு உட்கார்ந்துவிடுவார். “நேரம் போதவில்லை ஐயா” என்று ஒருநாள் சலித்துக்கொண்டார். ஆயுள் கைதி சொல்கிற வார்த்தையா அது?

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டும், பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. “இல்லை” என்று நான் சொல்லும்போதெல்லாம் அதையும் குறித்துக்கொள்வார். 2020இல் “திறந்துவிட்டார்கள்” என்று கடிதத்தில்தான் சொல்ல முடிந்தது. கொரோனாவால் வகுப்பு நின்றிருந்தது.

மீண்டும் போனபோது ஒரு வேலை கொடுத்தார். மடை ஓரம் பூவரசு நிற்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார். போனேன். மரம் இல்லை, சிமெண்டுச் சுவர்தான் இருந்தது. சொன்னேன். பேசாமல் இருந்தார். அடுத்த ஞாயிறு நோட்டை வாங்கிப் பார்த்தேன். ‘மடையோரம் பூவரசு நிற்கிறது’ என்ற வரியை அவர் அடிக்கவில்லை. பக்கத்தில், ‘ஆடியில் பூவரசங்கிளைப் போத்து வெட்டி ஊன்றப் பையனிடம் சொல்ல வேண்டும்’ என்று எழுதியிருந்தார்.