பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

நடுவர் அவர்களே, முன்னால் பாயிலும் பின்னால் மதில் ஓரத்திலும் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிற என் ஊர்ச் சனமே, எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

"ஊர்த் தொண்டர்களுக்குப் பிரதேச சபை எடுக்கும் விழா தேவையான மரியாதையா, வீண் செலவா?" இதுதான் இன்றைய தலைப்பு. எந்த அணி வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். தேவையான மரியாதை என்கிற அணிதான் வேண்டும் என்று உடனே சொன்னேன். அதற்கு என் வீட்டில் ஒரு காரணம் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1978 நவம்பர் 23. இங்கே இருக்கிற மூத்தவர்களுக்குத் தேதியைச் சொன்னாலே போதும். மட்டக்களப்பையும் நம்முடைய இந்த அம்பாறைக் கரையையும் சூறாவளி அடித்துப் போட்ட இரவு. 900 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், தென்னந்தோட்டங்கள் தோட்டம் தோட்டமாகப் படுத்துக் கிடந்தன. விடிந்து பார்த்தால் ஊருக்குள் வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை. ரோட்டை மரம் மூடியிருந்தது. என் பெரியப்பாவும் இன்னும் மூன்று பேரும் கோடரியும் கத்தியும் எடுத்துக்கொண்டு இறங்கி மூன்று நாள் மரம் வெட்டினார்கள், அவர்கள் வெட்டின வழியால்தான் அரிசி ஏற்றின முதல் லொறி உள்ளே வந்தது என்று வீட்டில் சொல்லுவார்கள். சின்ன வயதில் அதைக் கதை மாதிரிக் கேட்டு வளர்ந்தவள் நான்.

அண்மையில் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சூறாவளி பற்றி ஒரு ஒப்படை கொடுத்தார்கள். தேடினாள். எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை வீடு விழுந்தது, காற்று எந்தப் பக்கமாகப் போனது, எல்லாம் கிடைத்தது, படங்கள்கூடக் கிடைத்தன. அப்புறம் என்னிடம் வந்து, "அம்மா, ரோட்டை வெட்டின நாலு பேரும் யார்?" என்று கேட்டாள். பெரியப்பாவின் பெயரைச் சொன்னேன். மற்ற மூன்று பேரையும் எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன், பக்கத்துத் தெரு ஐயாவிடம் கேட்டேன். ஒருத்தன் வண்டில்காரரின் மகன் என்றார் ஒருவர். ஒருவர் கடலுக்குப் போகிறவர், சுருட்டை முடி என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆளைப் பற்றி அதுவும் இல்லை. நாலு பேரில் ஒருவருடைய பெயர் மிஞ்சியிருக்கிறது, அதுவும் அவருடைய பெறாமகள் நான் உயிரோடு இருப்பதால். என் மகள் ஒப்படையில் "மேலும் மூவர்" என்று எழுதிக் கொடுத்தாள் நடுவர் அவர்களே. அந்த இரண்டு சொல்லைப் பார்த்த நாளில் இருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

சரி, எதிரணிக்கு வருகிறேன். முதலில் பேசிய தம்பி காசுக் கணக்கைச் சொன்னார். விழாவுக்குப் போகிற காசில் தெருவிளக்குப் போடலாம், வடிகான் துப்புரவு செய்யலாம், சபைக்குச் சோலைவரி கட்டுகிற சனத்தின் பணம் பொன்னாடைக்குப் போகலாமா என்று கேட்டார். நல்ல கேள்வி, கேட்கத்தான் வேண்டும். ஆனால் தம்பி, விழாவில் காசு எங்கே போகிறது என்று நீங்களே பாருங்கள். பந்தலுக்குப் போகிறது, ஒலிபெருக்கிக்குப் போகிறது, அதிதிகளின் மாலைக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது, அதிதிகளின் முகம் போட்ட பதாகைக்குப் போகிறது. தொண்டரைக் கூப்பிட்டு, அவர் செய்ததை நாலு வரி வாசித்து, கையில் ஒரு சான்றிதழ் கொடுப்பதற்கு என்ன செலவு? சபைக்கு மாதாமாதம் அமர்வு நடக்கிறது. அந்த அமர்வில் ஒரு தீர்மானம் போட்டு, இன்னார் இந்த வெள்ளத்தில் இதைச் செய்தார் என்று கூட்டறிக்கையில் எழுதி வைக்க ஒரு சதம் செலவாகாது. ஐம்பது வருசத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை ஒப்படைக்குத் தேடினால் அந்தப் பக்கம் இருக்கும். ஆகவே ஆடம்பரத்தைக் குறையுங்கள் என்றால் நான் உங்கள் பக்கம். விழாவையே எடுத்துவிடுங்கள் என்றால் நான் விடமாட்டேன்.

இது சபையின் வேலையா என்றும் கேட்டார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் சபையிடம் எதை ஒப்படைக்கிறது? பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், வீதிகள், அதோடு மக்களின் வசதியும் நலனும். டெங்குக் காலத்தில் வீடு வீடாகப் போய்ச் சிரட்டையும் டயரும் பொறுக்குகிற விளையாட்டுக் கழகப் பொடியன்மார் செய்வது எந்த வேலை? பொதுச் சுகாதாரம். பள்ளிக்கூட வீதியில் குழியை மண் போட்டு நிரப்புகிறவர்கள் செய்வது? வீதி வேலை. வெள்ளத்தில் கிடாரம் வைத்துச் சோறாக்குகிற மாதர் சங்கத்துப் பெண்கள் செய்வது மக்கள் நலன். சபை செய்ய வேண்டியதைச் சம்பளம் இல்லாமல் செய்தவர்களுக்குச் சபை நன்றி சொல்லாமல் வேறு யார் சொல்லுவது?

இன்னொன்றை யோசித்துப் பாருங்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரைக்கும், இரண்டு வருசத்துக்கு மேல், நமக்குச் சபைத் தலைவரான தவிசாளரும் இல்லை, வட்டார உறுப்பினரும் இல்லை. அலுவலகத்தில் செயலாளரும் ஊழியர்களும் இருந்தார்கள், அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள், அதை மறுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் 2024 நவம்பர் வெள்ளம் வந்தது. 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரசாப் பிள்ளைகள் ஏறி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை இங்கே யாராலும் மறக்க முடியாது. படையினர் தேடினார்கள், அவர்களோடு சேர்ந்து ஊர்ச் சனமும் தண்ணீருக்குள் இறங்கித் தேடியது. அவர்களுக்கு யாரும் கடிதம் போட்டுக் கூப்பிடவில்லை. வாக்குக் கேட்டுப் போக ஒரு உறுப்பினர்கூட இல்லாத காலத்தில் இந்த ஊர்களைத் தூக்கிப் பிடித்தவர்கள் அவர்கள். புதிய சபை வந்து கதிரையில் உட்கார்ந்ததும் முதலில் செய்திருக்க வேண்டியது, நாங்கள் இல்லாதபோது ஊரைப் பார்த்துக்கொண்டீர்களே என்று அவர்களைக் கூப்பிட்டுக் கையைப் பிடிப்பதுதான்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் அக்கா சொன்னது எனக்கும் பிடித்த வாதம். உண்மையான தொண்டருக்கு மேடை தேவையில்லை, வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்றார். உண்மைதான் அக்கா, அவருக்குத் தேவையில்லை. கொடுப்பவர் மறைத்துக் கொடுக்கட்டும், அது அவருடைய பண்பு. வாங்கினவர் மறந்துவிடுவதும் ஒரு பண்பா? காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் துறவியாகிப் பிறந்த பெயரையே விட்டுவிட்டு விபுலானந்தர் ஆனார். பெயரையே துறந்த அந்த மனிதருக்கு நாம் வருசாவருசம் விழா எடுக்கிறோம், சிலை வைத்திருக்கிறோம், கல்லடியில் பல்கலைக்கழகத்தின் கற்கை நிறுவகத்துக்கே அவர் பெயர். அவர் கேட்டாரா? கேட்கவில்லை. நாம் எடுப்பது பிழையா? பிழையென்று இந்தக் கரையில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். நாம் சொல்லிச் சொல்லி வைத்ததால்தான் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் நடத்திய ஒருவர் நம் மண்ணில் இருந்தார் என்று இன்றைய பிள்ளைக்குத் தெரிகிறது.

நம்முடைய கூத்தையே எடுங்கள். மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகி, சதங்கை அணிந்து, அரங்கேற்றம் வருகிறபோது கூத்துப் பழக்கின அண்ணாவியாரை ஊர் எப்படி மதிக்கிறது? எல்லாருக்கும் முன்னால், எல்லாருக்கும் கேட்க. அதைக் களரி ஓரத்தில் இருந்து பார்க்கிற பத்து வயதுப் பொடியனுக்கு நானும் மத்தளம் பழக வேண்டும் என்று தோன்றுகிறது. வாவிக்கு இரண்டு பக்கமும் இருக்கிற படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் கூத்து இவ்வளவு காலம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

தொண்டுக்கு அந்த மரியாதை இல்லாததால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன், அவருக்கு விருப்பம் இருக்காது. எந்த வீட்டில் மரணம் என்றாலும் மரண உதவிச் சங்கத்துக் கதிரை, கூடாரம், விளக்கு எல்லாம் அவர் தோளில்தான் வரும். இருபது வருசத்துக்கு மேலாக அவர்தான். இப்போது முழங்கால் வீங்கி நடக்கிறார், அப்போதும் அவர்தான். ஏன் ஒரு இளைஞன் வரவில்லை? பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. ஒரு கதிரை தூக்கச் சொன்னால் தூக்குவார்கள். ஆனால் அது பெரிய வேலை என்று அவர்களுக்கு ஒருவரும் காட்டவில்லை. சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்குச் சந்தியில் பதாகை கட்டுகிறோம், வெளிநாடு போய் வீடு கட்டினவரைப் பற்றிப் பேசுகிறோம், இருபது வருசம் ஊரின் துக்கத்தைச் சுமந்தவரைப் பற்றி ஒருநாளும் ஒலிபெருக்கியில் சொன்னதில்லை. பிள்ளை எதைப் பார்த்துப் பழகும்?

மூன்றாவது பேச்சாளர், விழா என்பது அரசியல்வாதிகளின் மேடைதானே என்றார். அவரைவிடக் கூடுதலான கோபம் எனக்கு அதில் இருக்கிறது. ஒருமுறை ஒரு கௌரவிப்பு விழாவுக்கு மாமியோடு போனேன். 2004 சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் இருந்த அகதிக் குடும்பங்களுக்குக் கிழமைக்கணக்காகச் சமைத்தவர் அவர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்த பேரழிவு அது, இலங்கையில் இவ்வளவு பேரை வேறெந்த மாவட்டமும் இழக்கவில்லை, அந்தப் பிணவாடைக்கு நடுவில் நின்று சோறு வடித்த கை. நாலு மணிக்கு வரச் சொன்னார்கள். பேச்சு, பேச்சு, பேச்சு. தொண்டர்களின் முறை வந்தபோது இருட்டிவிட்டது, பாதிப்பேர் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள், மிஞ்சினவர்களை மொத்தமாக மேடைக்கு ஏற்றிப் படம் எடுத்து இறக்கினார்கள். பெயர் வாசிக்கவில்லை. மாமி வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடித்து அலுமாரியில் வைத்தார், அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

இதைச் சொன்னால் என் அணிக்கே பாதகம் என்று நினைக்கிறீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக் கூரை ஒழுகினால் கூரையைத்தான் மேய்கிறோம், வீட்டை இடிப்பதில்லை. தொண்டர்கள் மேடையில் கதிரையில் இருக்கட்டும், தவிசாளரும் உறுப்பினர்களும் கீழே இருந்து கைதட்டட்டும். முதல் அரைமணியில் பெயர்கள் வாசிக்கப்படட்டும், பேச விரும்புகிறவர்கள் அதற்குப் பிறகு பேசட்டும். வட்டாரம் வட்டாரமாகப் பெயரைக் கேளுங்கள், அதுவும் உறுப்பினரிடம் மட்டும் கேட்காதீர்கள். கோயில் வண்ணக்கரிடம், பள்ளிவாசல் நிர்வாகத்திடம், தேவாலயத்தில், மரண உதவிச் சங்கத்தில், குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அப்போதுதான் ஜனாஸா குளிப்பாட்டப் போகிற தாத்தாவின் பெயர் வரும், யானைக் காலத்தில் வயல் ஓரத்தில் நெருப்பு மூட்டி விடியும்வரை காவல் இருக்கிற பொடியன்மாரின் பெயர் வரும், சங்கம் எதிலும் இல்லாமல் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற தங்கச்சியின் பெயர் வரும்.

விழா நாளையும் பார்த்து வையுங்கள். டிசம்பர் 5 சர்வதேசத் தொண்டர் தினம், 1985இல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. உலகத்துக்கு அது சரி. நமக்கு அது மாரி நடுப்பகுதி, நாம் பாராட்ட வேண்டியவர்கள் அன்றைக்கு இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். சித்திரையில் வைக்கலாமே. கயிறிழுத்தல், கிடுகு பின்னுதல், முட்டி உடைத்தல் என்று ஊர் முழுக்க மைதானத்துக்கு வருகிற நாளில், பரிசு கொடுக்கிற அதே ஒலிபெருக்கியில் வாசித்தால் தனிப் பந்தலும் வேண்டாம், தம்பி சொன்ன செலவும் இல்லை.

மணி அடித்துவிட்டார்கள், ஒரே ஒரு நிமிடம் தாருங்கள் நடுவர் அவர்களே.

2024 வெள்ளத்தில் எங்கள் வட்டாரத்தில் தோணி கொண்டுவந்து வயதானவர்களையும் ஒரு கர்ப்பிணித் தாயையும் ஏற்றி இறக்கினவர்கள் ஏழு பேர். மூன்று பேர் தமிழர், நாலு பேர் முஸ்லிம்கள். ஏழு வீட்டுக்கும் நானும் மகளும் சைக்கிளில் போய், தகப்பன் பெயரோடு எழுத்துப் பிழையில்லாமல் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். இதோ அந்தத் தாள். உங்கள் மேசையில் வைக்கிறேன். தீர்ப்பு எப்படி வந்தாலும் சரி, தவிசாளர் முன் வரிசையில்தான் இருக்கிறார், போகும்போது இதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் அங்கே பின்னால் மதிலோடு நிற்கிறார்கள்.