டயரின் உள்பக்கத்தைக் குனிந்து பாருங்கள்

வணக்கம் நண்பர்களே! ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் நிற்கிறேன். வெளிச்சம் கம்மி, அதனால் டார்ச் எடுத்து வந்திருக்கிறேன். நாளை காரில் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு முன் டயர் பார்ப்பதை அப்படியே காட்டிவிடுகிறேன்.

இந்த முன் டயரைப் பாருங்கள். நின்றபடி பார்த்தால் பட்டன், அதாவது சாலையில் படுகிற ரப்பர் கட்டைகள், நன்றாகத்தான் தெரிகிறது. போன பொங்கலுக்கும் நான் இப்படி நின்று பார்த்துவிட்டு, காற்று மட்டும் பிடித்துக்கொண்டு தர்மபுரிக்குக் கிளம்பினேன். சூளகிரி பக்கத்தில் வண்டி ஒரு மாதிரி ஆட, பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைக்கார அண்ணன் டயரைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். விளிம்பில் ரப்பரே இல்லை, கம்பி தெரிந்தது! "பிள்ளையை வைத்துக்கொண்டு இதிலா வந்தீங்க தம்பி?" என்று கேட்டார். பின்சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

சரி, எப்படிப் பார்ப்பது? ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். இதோ, உள்விளிம்பு வரை தெரிகிறது பாருங்கள். பின் டயர் அப்படித் திரும்பாது. அதற்குத் தரையில் உட்கார்ந்து டார்ச் அடிக்கத்தான் வேண்டும்.

பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு மாதிரி இருக்கிறதே, இதுதான் தேய்மான அடையாளம். உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து இந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். வெளி, நடு, உள் என்று மூன்று இடத்திலும் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள், நடு மட்டும் என்றால் காற்று அதிகம். ஒரே ஓரம் என்றால் பெரும்பாலும் அலைன்மென்ட் கோளாறு, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம் சரியில்லை.

நம்ம ஊர் சாலைகளில் இதுதான் அதிகம். ஒரு பள்ளத்தில் 'டம்' என்று விழுந்தாலே சக்கரத்தின் கோணம் மாறிவிடலாம். கார் ஒரு பக்கம் இழுக்கவில்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். இரண்டு முன் சக்கரமும் ஒரே அளவுக்கு வெளிப்பக்கம் விலகியிருந்தால் வண்டி நேராகத்தான் போகும், டயர் மட்டும் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே இருக்கும். எனக்கு நடந்தது அதுதான். அப்புறம், பக்கச் சுவரில் வீக்கம் தெரிந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த டயரில் ஊருக்குப் போகவே கூடாது.

இப்போது தடவிப் பார்க்கிறேன். கம்பி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். குறுக்கே, வெளியிலிருந்து உள்ளே... வழவழ என்று போகிறது. திருப்பித் தடவினால்... ஓ, ரம்பம் மாதிரி சொரசொரக்கிறது. பொங்கலுக்குப் பிறகு மாற்றிய டயர் இது! ஒரு திசையில் வழவழ, மறு திசையில் சொரசொர என்றால், மறுபடியும் அலைன்மென்ட் விலகியிருக்கிறது போல.

நாளை காலை முதல் வேலை அலைன்மென்ட் கடைதான். ஊருக்கு மத்தியானம் கிளம்பிக்கொள்கிறோம். அம்மாவுக்கு இப்போதே போன் செய்து சொல்லிவிடுகிறேன்.