மலைக்குக் கீழே குளம் இல்லை

நேயர்களுக்கு வணக்கம். எரிமலை என்றதும் பள்ளிப் புத்தகத்துப் படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். மலைக்கு அடியில் பெரிய சிவப்புக் குளம், அதிலிருந்து உச்சிக்கு ஒரு குழாய். அந்தப் படத்தின் மேல் எனக்குப் பல வருடக் கோபம். பெரும்பாலான எரிமலைகளுக்கு அடியில், பெரும்பாலான காலம், அப்படி ஒரு குளம் கிடையாது.

பின்னே என்ன இருக்கிறது? அலை திரும்பிய பிறகு ஈர மணலில் நின்றிருப்பீர்கள். காலுக்குக் கெட்டிதான், ஆனால் மணலுக்கு இடையில் தண்ணீர். அங்கேயும் ஏறக்குறைய அதே கதைதான். படிகங்கள் நெருக்கியடித்துக் கிடக்க, இடுக்குகளில் மாக்மா என்கிற பாறைக்குழம்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூடச் சும்மா கிடக்கும். எது அதை எழுப்புகிறது என்பதுதான் எரிமலையை ஆராயும் எங்கள் கேள்வி.

நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. நில அதிர்வு அலைகளை வைத்து ஊகிக்கிறோம். ஊகம் எவ்வளவு தவறலாம் என்பதற்கு ஐஸ்லாந்தின் கிராஃப்லா எரிமலையைச் சொல்வேன், எங்கே பேசினாலும் சொல்வேன். புவிவெப்ப ஆற்றலுக்காக 2009இல் அங்கே துளை போட்டார்கள். நான்கு கிலோமீட்டருக்கு மேல் இறங்கத் திட்டம். இரண்டைத் தாண்டியதுமே துளைக்கருவி சிக்கியது. விடுவித்தார்கள், திரும்பவும் சிக்கியது. கடைசியில் மேலே வந்த துகள்களில் கண்ணாடி! துளைக்குள் விட்ட நீர் பட்டுச் சட்டென்று உறைந்த பாறைக்குழம்பு. அவ்வளவு மேலே அது இருக்குமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இதைவிட எனக்குப் பிடித்தது, குழம்பையே குத்திய பிறகும் மலை வெடிக்கவில்லை. வெறும் ஓட்டை போதாது, பாருங்கள்.

அப்போது எது வேண்டும்? வெடிப்பில் வெளியே வந்த படிகங்களைக் கேட்கலாம். ஆழத்திலிருந்து சூடான புதுக் குழம்பு வந்து சேர்ந்தால் படிகத்தின் ஓரத்தில் புது அடுக்கு வளரும், மரத்தின் வளையம் மாதிரி. அடுக்குகளின் எல்லையில் தனிமங்கள் எவ்வளவு தூரம் கலந்திருக்கின்றன என்று அளந்தால், வந்ததற்கும் வெடித்ததற்கும் நடுவே எவ்வளவு காலம் என்று கணக்கிடலாம். சில மலைகளில் பல ஆண்டுகள், சிலவற்றில் சில நாட்கள்தான். சில நாட்கள்! ஊரைக் காலி செய்யவே போதாது.

வெளியே கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். சரி, எழுப்பும் இன்னொரு காரணத்துக்கு அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1980 மே 18 அன்று நிலநடுக்கத்தில் அதன் வடக்குச் சரிவு அப்படியே சரிந்தது. மேலிருந்த பாரம் போனதும் குழம்பில் கரைந்திருந்த வாயுக்கள் குமிழியிட்டு வெடித்தன. பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலையையும் சொல்ல நினைத்திருந்தேன், இன்னொரு நாள் சொல்கிறேன். வணக்கம்.