பிடிக்கப் போன செல்லிலேயே குடியேறும் டெங்கு

எல்லோருக்கும் வணக்கம். டெங்கு என்றாலே தட்டணு எவ்வளவு என்றுதான் கேட்கிறோம். இன்று அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளையணுக்கள் படும் பாட்டைப் பார்ப்போம்.

ஏடிஸ் கொசு தோலுக்குள் துழாவும்போது எச்சிலோடு வைரஸும் இறங்குகிறது. அங்கே டென்ட்ரிடிக் செல்கள் கிளைகிளையாகக் கைநீட்டிக் காவல் இருக்கின்றன. வந்த கிருமியைப் பிடித்து, பக்கத்து நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய் மற்ற செல்களிடம் காட்டுவது அவற்றின் வேலை. டெங்குவுக்கு வேண்டியதும் அந்தச் செல்தான். அதற்குள் புகுந்து பெருகி, அதன் முதுகிலேயே ஏறி நிணநீர் முடிச்சுக்கும் போய்ச் சேர்கிறது. கிருமிகளை விழுங்கும் மோனோசைட், மேக்ரோபேஜ் என்ற காவல் செல்கள் எல்லாம் அடுத்து மாட்டிக்கொள்கின்றன.

செல் சும்மா இருக்குமா? இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்தை உஷார்படுத்துகிறது. ஆனால், அந்தச் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஸ்டாட்2 புரதத்தையே வைரஸின் என்எஸ்5 என்ற புரதம் ஒழித்துக்கட்டுகிறது. மணி அடிக்கிறது, காதில் பஞ்சு! மொத்தமே 10 புரதங்கள் வைத்திருக்கும் கிருமி இது. கோபத்தோடு எனக்குக் கொஞ்சம் வியப்பும் உண்டு.

சரி, அப்புறம் தொற்றிய செல்களைக் கொல்லும் டி செல்லும், கிருமியில் ஒட்டி முடக்கும் புரதமான ஆன்டிபாடியும் வந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் வைரஸை விரட்டுகின்றன. முதல் தடவை பெரும்பாலும் அதோடு சரி.

வம்பு இரண்டாவது தடவையில். டெங்குவில் 4 வகை. பழைய ஆன்டிபாடி புதிய வகையின் மேல் ஒட்டும், முடக்காது. மோனோசைட்டின் மேற்பரப்பில் ஆன்டிபாடியின் வாலைப் பற்றி இழுக்கும் ஏற்பிகள் உண்டு. ஆன்டிபாடி ஒட்டிய கிருமி அடங்கிய கிருமிதான் என்று அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. வருவதோ உயிருள்ள வைரஸ். அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஸ்காட் ஹால்ஸ்டெட் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. ஆனால் கியூபாவைப் பாருங்கள்: அங்கே 1977-இல் முதல் வகை பரவியது, 1981-இல் இரண்டாம் வகை. அந்த இரண்டாம் அலையில் 158 பேர் இறந்தார்கள். தாயிடமிருந்து ஆன்டிபாடி பெற்ற கைக்குழந்தைக்கு முதல் தொற்றே கடுமையாவதும் உண்டு. பிறந்தவுடன் அல்ல, சில மாதம் கழித்து, அந்த ஆன்டிபாடி பாதி தேய்ந்த நிலையில். நிறைய இருந்தால் காப்பு, அரைகுறையாக இருந்தால் ஆபத்து.

இன்னொன்று. காய்ச்சல் இறங்கும் நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் குறைந்துகொண்டிருக்கும். ஆனால் செல்கள் கொட்டிய சைட்டோகைன் என்ற தூதுப் புரதங்களும் வைரஸின் என்எஸ்1 புரதமும் ரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்திவிட, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசியத் தொடங்கலாம். அதனால்தான் காய்ச்சல் விட்ட மறுநாளும் மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்க்கிறார், ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறியிருக்கிறதா என்று மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்கிறார்.