அப்பாயிக்கு எத்தனை வயது?

எல்லாருக்கும் வணக்கம். சமூக மன்றத்து மண்டபத்தை ஒன்பது மணிக்குள் காலி செய்ய வேண்டுமாம். எனக்கு முன்னால் பேசிய பெரியப்பா அரை மணி நேரத்தைச் சாப்பிட்டுவிட்டார். அதனால் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். அப்பாயியின் வயது.

போன வருடம் நாம் கொடுத்த மரண அறிவிப்பில் 92 என்று இருந்தது. பெரியப்பா இப்போது 95 என்றார். சின்ன அத்தையைக் கேட்டால் அதற்கும் மேலே போகிறார். யாரும் பொய் சொல்லவில்லை.

1948-ல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் வந்தபோது, இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் அடையாள அட்டை, அதாவது ஐசி, எடுக்க வேண்டும் என்று ஆனது. அப்பாயி வந்து இறங்கியது அதற்கு மறு வருடம். குமாஸ்தா வயதைக் கேட்டிருக்கிறார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தாத்தா, பொண்டாட்டி வயதை எங்கே கண்டார்? "பதினெட்டு இருக்குங்க" என்று உத்தேசமாகச் சொல்லியிருக்கிறார். குமாஸ்தா கழித்துப் பார்த்து 1931 என்று போட்டார். தேதி? ஜனவரி ஒன்று. அப்பாயி கட்டைவிரலை மையில் தொட்டு ஒற்றினார், அவ்வளவுதான். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கேக் வாங்கி வருவோம். வெட்டுவார், ஒரு துண்டு சாப்பிடவும் செய்வார். ஆனால் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார்: "இது அந்தக் குமாஸ்தா பொறந்த நாளுடா."

அவர் கணக்கே வேறு. நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிய நாளிலிருந்துதான் அது தொடங்கும். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, வாந்தி எடுத்தே பாதி உடம்பாகி வந்து சேர்ந்தால், நேரே சிங்கப்பூரில் இறக்கவில்லை. அம்மை, காலரா பயத்தால் டெக் பயணிகளை செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கித் தடுத்து வைக்கிற வழக்கம் 1874-லிருந்தே இருந்தது. அப்பாயி அங்கே சில நாள் கிடந்தார். துணிமணியை எல்லாம் வாங்கி மருந்து போட்டு அவித்துக் கொடுத்தார்களாம். கல்யாணப் புடவையின் சாயம் அதில்தான் போனது. எழுபது வருடம் கழித்தும் அதற்காகத் திட்டிக்கொண்டிருந்தார். தாத்தா போனதற்குக்கூட அவ்வளவு புலம்பியதாக எனக்கு நினைவில்லை. பெரியப்பா முறைக்கிறார். சரி, விடுகிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவிடம்தான் நம் குடும்பத்தின் நாள்காட்டி இருந்தது. "ஓட்டுப் போட்டே ஆகணும்னு சட்டம் வந்துச்சுல்ல, அப்ப ஒம் பெரியப்பனுக்குப் பல்லு விழுந்து மொளைக்குது" என்பார். அது 1959. அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் குடியுரிமைக்குப் பதிந்திருந்தார். "ஒங்கப்பன் பொறந்து மூணாம் நாளு, மலாய்க்காரங்க பெருநாளு, புக்கிட் ஹோ சுவீ பக்கம் வானமே கறுத்துப் போச்சு." அந்தத் தீயில் 16,000 பேர் வீடிழந்தார்கள் என்று பிற்பாடு பள்ளியில் படித்தேன். தேதி 1961 மே 25. வீட்டுக்கு வந்து அப்பாவின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் மே 22 என்று இருக்கிறது. குமாஸ்தா தப்பாக எழுதலாம், அப்பாயி எழுதியதே இல்லை, அதனால் தப்பு விடவும் இல்லை. அத்தை பிறந்தது மலேசியாவிலிருந்து நாடு பிரிந்த வருடம். அதை அத்தையே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார், நான் சொல்ல வேண்டியதில்லை.

குவார்ட்டர்ஸை விட்டு புக்கிட் மேரா வீட்டுக்கு வந்தபோது அம்மியையும் கொண்டுவந்தார். ஏழாவது மாடி. அந்தக் கால லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, ஆகவே கடைசிப் படிகளில் அம்மியைத் தூக்கியது பெரியப்பாவும் எதிர்வீட்டுச் சீனரும். கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா சத்தம் தாங்காமல் மேலே வந்தார். அப்பாயி அடியில் கோணிச்சாக்கை மடித்துப் போட்டார், அரைத்த தேங்காய்த் துவையலில் ஒரு கிண்ணம் கீழே அனுப்பினார். அப்புறம் சத்தம் கேட்காத நாளில்தான் அந்த அம்மா மேலே வர ஆரம்பித்தார், உடம்புக்கு என்ன என்று கேட்க.

2014-ல் முதியவர்களுக்கு அரசு தந்த முன்னோடித் தலைமுறை அட்டை வந்தது. 1934-லோ அதற்கு முன்னாலோ பிறந்தவர்களுக்கு மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்கில் அப்போது வருடத்துக்கு 800 வெள்ளி, வயது குறையக் குறையத் தொகையும் குறையும். நான் விளக்கிச் சொன்னதும் அப்பாயி கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தக் குமாஸ்தா நல்லவன்தான்" என்றார்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். மெரினா சவுத் படகுத்துறையிலிருந்து ஒருநாள் அவரை செயின்ட் ஜான்ஸுக்குக் கூட்டிப் போனோம். அழுவார் என்று எதிர்பார்த்துத் தங்கை கேமராவைத் தயாராக வைத்திருந்தாள். அவர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, அங்கே திரிகிற பூனைகளுக்கு நாம் கொண்டுபோன சார்டின் ரொட்டியைப் பிய்த்துப் போட்டார். புடவை விஷயத்தை மறுபடி ஒருமுறை சொன்னார். திரும்பும்போது கைகொடுத்து ஏற்றிய மலாய்ப் படகுக்காரர், "பெராப்பா உமுர், நெனெக்?" என்று வயதைக் கேட்டார்.

அப்பாயி இடுப்புப் பையைத் தட்டிக் காட்டினார்.

"தான்யா ஐசி" என்றார். ஐசியைக் கேளு.