பியானோ பக்கம் கொஞ்சம் காது கொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சுமார் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிற ஓர் இசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் 1888-இல் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதிய 'சலூ தமூர்', அதாவது 'காதல் வணக்கம்'. கல்யாண வரவேற்பிலும் ஹோட்டல் லாபியிலும் வாசித்து வாசித்தே தேய்ந்துபோனது. இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

எல்கருக்கு அப்போது 31 வயது. வூஸ்டர் நகரில் அப்பா இசைக்கடை வைத்திருந்தார். மகன் வயலின் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1886-இல் அவரிடம் படிக்க வந்தவர் ஆலிஸ் ராபர்ட்ஸ். ராணுவ ஜெனரலின் மகள், பிறந்தது நம் குஜராத்தின் புஜ் நகரில். எல்கரைவிட எட்டு வயது மூத்தவர். கடைக்காரர் மகன், அதுவும் கத்தோலிக்கர் என்று உறவினர்கள் முகம் சுளித்தார்கள். ஆலிஸ் அசையவில்லை. 1888 கோடையில் எல்கர் யார்க்‌ஷயருக்குப் புறப்பட்டபோது, தான் எழுதிய கவிதை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதற்குப் பதில்தான் இந்த இசை. மறு வருடம் கல்யாணம்.

பதிப்பாளரிடம் உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டதால், பிறகு அது பிரதி பிரதியாக விற்றும் எல்கருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அது தனிக் கதை.

எனக்கு இதில் பிடித்தது பியானோதான். ஆலிஸ் எல்கரிடம் கற்க வந்ததே பியானோவில் பக்கவாத்தியம் வாசிக்க என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தாளத்தின் ஒவ்வொரு தட்டிலும் இடது கையின் தாழ்ந்த ஸ்வரம் விழும். மேலே உள்ள ஸ்வரக்கூட்டங்களோ தட்டோடு விழாமல், அரைத் தட்டு தள்ளி விழும். நம் கச்சேரியில் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், தாளத்திலிருந்து தள்ளி வரும்போது ஒரு துள்ளல் வருமே, அதுபோல. அதை நீக்கிவிட்டு எல்லாவற்றையும் தட்டோடு தட்டாக வாசித்துப் பாருங்கள், தாலாட்டு மாதிரி ஆகிவிடும். வயலின் அத்தனை நிதானமாக நீட்டிப் பாட முடிவதே கீழே அந்தப் படபடப்பு ஓடிக்கொண்டிருப்பதால்தான்.

நடுவில் சுருதி ஆதாரம் இடம் மாறி, நிறம் சற்றுக் கறுக்கும். அங்கே பல வயலின்காரர்கள் இழுவையைக் கூட்டி உருக ஆரம்பித்துவிடுவார்கள். தேவையே இல்லை.

சரி, இப்போது இசைத்தட்டு ஒலிக்கப்போகிறது. ஆரம்பத்தில் வருவது பியானோ மட்டும்தான். வயலின் வரட்டும் என்று காத்திருந்துவிட்டு அப்புறம் காதைத் திறக்காதீர்கள்.