கோடி போகிற ஏரியும் கூடிப் போடுகிற திட்டமும்

(பள்ளிகொண்டாவில் ஊராட்சித் தலைவர்கள் கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன சில விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களே, மாவட்ட ஊராட்சி உறுப்பினர் அவர்களே, ஊராட்சித் தலைவர்களே, துணைத் தலைவர்களே, வார்டு உறுப்பினர்களே, ஊராட்சிச் செயலர்களே, மகளிர் குழுத் தாய்மார்களே, கழனி வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயிகளே, வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் சில நன்றிகள். இவற்றைச் சொல்லாமல் பேச ஆரம்பித்தால் எனக்கு மனசு ஒப்பாது. முகூர்த்த மாதத்தில் மண்டபத்தை வாடகை இல்லாமல் கொடுத்த உரிமையாளர் பெரிய மனசுக்காரர். வட்டார வளர்ச்சி அலுவலர் காலையில் வேலூரில் ஆய்வுக் கூட்டத்தை முடித்துவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல் நேராக இங்கே வந்திருக்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் தலைவர் ஐயா, நான் பள்ளிக்கூட வாத்தியாராக இந்தப் பக்கம் வந்த காலத்திலேயே ஊராட்சியைப் பார்த்தவர். அவர் எதிரில் மைக் பிடிப்பதே எனக்குப் பெருமை. எனக்குச் சால்வை போர்த்திய தலைவர் அம்மாவுக்கு நன்றி. அடுத்த கூட்டத்துக்குச் சால்வைக்குப் பதிலாக ஒரு மண்வெட்டி கொடுங்கள், நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன்.

1954 இடைத்தேர்தலில் காமராஜரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவைத்த குடியாத்தம் இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பக்கத்து நண்பர்களும் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் என் வணக்கம்.

இன்று மூன்று செய்திகள் பேச வந்தேன். ஒன்று, பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகள் சேர்ந்து திட்டம் போடுவது. இரண்டு, பெண் தலைவர்கள். மூன்று, ஊராட்சியின் சொந்த வருமானம்.

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை. இந்தப் பழமொழியை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்கியதில்லை, என் பழைய மாணவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் கோடி என்றால் நூறு லட்சம் என்று எண்ணிக்கொள்வார்கள். நம் வடஆற்காட்டில் கோடி என்றால் வேறு பொருளும் உண்டு. ஏரி நிரம்பி வழிவதை நாம் என்ன சொல்கிறோம்? "ஏரி கோடி போகுது" என்கிறோம். சின்ன வயசில் கோடி போகிற சத்தம் கேட்டால் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியிருக்கிறோம். ஊரே திருவிழா மாதிரி கரைமேல் நிற்கும். ஒரு ஏரி கோடி போனால் அடுத்த ஏரிக்கு உயிர் வரும். அது கோடி போனால் அதற்கும் கீழே இருப்பதற்கு. பழமொழி சொன்னவர் இதைத்தான் நினைத்துச் சொன்னாரா தெரியாது. எனக்கு இப்படித்தான் கேட்கிறது.

பாலாறு 348 கிலோமீட்டர் ஓடுகிறது, அதில் 222 கிலோமீட்டர் நம் தமிழ்நாட்டில். வருஷத்தில் பல மாதம் அது மணல் ஆறுதான். ஆற்றில் தண்ணீர் வருகிற கொஞ்ச நாளுக்குள் அதைப் பிடித்து வைக்கத்தான் முன்னோர் ஏரிகளைச் சங்கிலிபோலக் கோத்து வைத்தார்கள். வாலாஜா அருகே அணைக்கட்டு, அங்கிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்கு, மகேந்திரவாடி ஏரிக்கு எனக் கால்வாய்கள். நம் பக்கத்தில் மலையிலிருந்து இறங்குகிற கானாறு, அதிலிருந்து முதல் ஏரி, அதன் கோடியிலிருந்து அடுத்த ஏரி. ஆனால் 2021 நவம்பரில் என்ன நடந்தது? பாலாற்றில் விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. பாலம் பாலமாகப் போய் செல்போனில் படம் எடுத்தோம். அவ்வளவு தண்ணீரும் வாயலூர் போய்க் கடலில் சேர்ந்தது. அந்த வெள்ளத்திலும் பாதிகூட நிரம்பாத ஏரிகளை என் கண்ணால் பார்த்தேன். மழை பெய்தது, ஆறு ஓடியது, ஏரியும் இருந்தது. நடுவில் கால்வாய் இல்லை.

வரத்துக்கால்வாய் ஏன் காணாமல் போகிறது? அது யாருடைய கால்வாய் என்று கேட்டுப் பாருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். மலையடிவாரம் வனத்துறை. வாய்க்கால் புறம்போக்கு வருவாய்த் துறை. கால்வாயின் தலை ஒரு ஊராட்சியில், வயிறு ஒரு ஊராட்சியில், வால் ஒரு ஊராட்சியில். நாம் வருஷா வருஷம் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் எழுதுகிறோம். அதில் சாலை வரும், தெருவிளக்கு வரும், சிமெண்ட் கால்வாய் வரும். எல்லாமே ஊர் எல்லையோடு நின்றுவிடும். தண்ணீருக்கு ஊர் எல்லை தெரியுமா? தன் ஊரில் ஒரு தலைவர் எவ்வளவு நன்றாகத் தூர் வாரினாலும், மேலே இருக்கிற ஊரில் வேலிக்காத்தான் மண்டிக்கிடந்தால் அந்தக் கால்வாயில் மழைக்காலத்தில் கிரிக்கெட்தான் ஆடலாம்.

இப்போது ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன், சம்பந்தப்பட்டவர்கள் இங்கேயே இருந்தாலும் இருப்பார்கள். மேல் ஊர், கீழ் ஊர் என்று வைத்துக்கொள்வோம். மேல் ஊர் ஏரி கோடி போனால் அந்தத் தண்ணீர் நாலு கிலோமீட்டர் ஓடிக் கீழ் ஊர் ஏரிக்கு வர வேண்டும். வராது. ஐப்பசி மழை பிடித்ததும் மேல் ஊர்க்காரர்கள் கோடிமேல் மணல் மூட்டை அடுக்குவார்கள், இன்னும் ஒரு அடி தண்ணீர் நிற்கட்டும் என்று. கீழ் ஊர்க்காரர்கள் ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு மூட்டையைத் தள்ளிவிட வருவார்கள். மண்டை உடைந்ததும் உண்டு, காவல் நிலையம் போனதும் உண்டு. இரண்டு ஊர்த் தலைவர்களும் ஒன்றியக் கூட்டத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்காருவார்கள். ஒருவர் டீ வாங்கினால் மற்றவர் குடிக்க மாட்டார்.

அவர்கள் இரண்டு பேருமே என்னிடம் படித்தவர்கள். அந்த உரிமையில் இருவரையும் கூப்பிட்டேன். "பேச வேண்டாம்ப்பா, சண்டையும் வேண்டாம். என்கூடக் கால்வாயில் நடந்து வாங்க, அது போதும்" என்றேன். வாத்தியார் சொல்லைத் தட்ட முடியாமல் வந்தார்கள். ஒருவர் எனக்கு இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். கையில் கிராம வரைபடம் வைத்திருந்தோம். அதைவிட முக்கியமாக, எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவரைக் கூட்டிப்போனோம். அவர் குடும்பம் தலைமுறையாக நீர்க்கட்டி வேலை, அதாவது ஏரித் தண்ணீரை வயலுக்குத் திறந்து பங்கிட்டு விடுகிற வேலை, பார்த்தது. அவருக்கு வரைபடம் வேண்டாம். "இந்தப் புளியமரத்துக்குத் தெற்கால திரும்பும், அந்தப் பாறைகிட்ட ஒரு மடை இருந்துது" என்று கோலை ஊன்றி ஊன்றிச் சொல்லிக்கொண்டே நடந்தார். வரைபடத்தில் இருபது அடி அகலம் உள்ள கால்வாய். ஒரு இடத்தில் நான் கையை விரித்தேன், இரண்டு பக்கமும் தொட்டது.

மேல் ஊர் குடியிருப்புக்குப் பின்னால் வந்தோம். கால்வாயை முக்கால்வாசி மறித்து ஒரு சுற்றுச்சுவர். கீழ் ஊர்த் தலைவருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "யார்ரா இது, கால்வாயில சுவத்த கட்டுனவன்? இன்னிக்கு அவன வுடறதில்ல!" என்று சத்தம் போட்டார். பெரியவர் நிதானமாகக் கேட்டார்: "இன்னாப்பா இப்பிடிச் சொல்ற? இது உன் பொண்ண குடுத்த வூடு இல்லியா?"

தலைவர் எப்போதும் தெருப்பக்கமாகத்தான் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். பின்பக்கம் அவருக்கு அடையாளமே தெரியவில்லை! அதற்குள் சத்தம் கேட்டு மகள் கதவைத் திறந்துவிட்டாள். "அப்பா, ஏம்ப்பா பின்பக்கமா வர்ற? வா, உள்ள வந்து தண்ணி குடி" என்கிறாள். தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் அங்கே நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டோம்.

மேல் ஊர்த் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நினைத்திருந்தால் அன்று பழி தீர்த்திருக்கலாம், ஊர் ஊராகச் சொல்லியிருக்கலாம். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "மாமா, இந்த வரிசையில இன்னும் பதினோரு வூடு இப்பிடித்தான் கீது. அதுல ரெண்டு எங்க பங்காளிங்க வூடு. நானும் பாத்துட்டுப் பாக்காத மாதிரிதான் இருந்தேன்." அவ்வளவு வருஷத்தில் அவர் இவரை மாமா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். மகள் கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும் கொண்டுவந்து கொடுத்தாள். அவளே தன் மாமனாரிடம் பேசினாள். "எங்க ஊர்ல என் பேர்ல அரைக் காணி கழனி கீது மாமா, அதுக்குத் தண்ணி வோணாமா?" என்றாளாம். சம்பந்தி தானே ஜேசிபிக்குப் பணம் கொடுத்துச் சுவரைத் தள்ளிக் கட்டினார். மற்ற வீடுகளில் ஏழு பேர் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு இடத்தில் அடியில் பெரிய குழாய் போட்டோம். இரண்டு பேர் இன்னும் ஒப்பவில்லை, வழக்கு நடக்கிறது. அந்தக் கார்த்திகையில் கீழ் ஊர் ஏரி கோடி போகவில்லை, பாதிதான் நிரம்பியது. ஆனால் அரை மணி நேரத்தில் நின்றுபோகிற மோட்டார்கள் மூன்று மணி நேரம் ஓடின. நெல்லை விட்டுவிட்டு மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டிருந்த இடத்தில் மறுபடியும் நெல் நட்டார்கள். மணல் மூட்டை அடுக்குகிற வழக்கமும் நின்றது. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

சேர்ந்து செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று சில தலைவர்கள் கேட்கிறார்கள். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73வது திருத்தத்தோடு அரசியலமைப்பில் 11வது அட்டவணை சேர்ந்தது. அதில் 29 பொருள்கள். மூன்றாவது பொருளே சிறு பாசனம், நீர் மேலாண்மை, நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாடுதான். இன்னொன்று பாருங்கள். ஊராட்சிப் பணத்தை எடுக்க வேண்டுமானால் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவரும் போட வேண்டும். ஒரு ஊருக்குள்ளேயே இரண்டு பேர் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும் என்று சட்டமே வைத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டை நாம் ஊருக்கு ஊர் நீட்டிக்கொள்ள வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், 919, 921ஆம் ஆண்டுகள். குடவோலை எல்லோருக்கும் தெரியும். அங்கே ஏரிக்கென்றே தனியாக ஏரி வாரியம் இருந்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் போகவே போகாது, அவர் உறவினர் பெயரும் போகாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்து மண்ணில் ஏரியை இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் குடத்தில் பெண்கள் பெயர் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்று உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. இது என் இரண்டாவது செய்தி. கணியம்பாடி பக்கம் நாகநதியில், 100 நாள் வேலையில் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் கிணறுகளை வெட்டியவர்கள் பெண்கள்தான். கையில் குடம் பிடித்தவருக்குத் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைவர் அம்மா பேச வேண்டிய இடத்தில் அவர் வீட்டுக்காரர் மைக் பிடிக்கிற பழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுவோம், சரியா? இதைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. நேரம் ஆகிறது என்று தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார். வருமானத்தைப் பற்றியும் இன்னொரு நாள் பேசுவோம். கால்வாய் காரியத்தை முடித்துக்கொள்கிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். 2022 முதல் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். ஒரே கால்வாயில் இருக்கிற எல்லா ஊராட்சிகளும் அந்த நாளில் ஒரே தீர்மானத்தைப் போடுங்கள். வார்த்தை மாறாமல் ஒரே தீர்மானம். அதில் கால்வாயின் சர்வே எண்கள் எல்லாம் இருக்கட்டும். எங்கெங்கே அடைப்பு, எத்தனை அடி, யார் பொறுப்பு என்று எழுதுங்கள். ஒவ்வொரு ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்திலும் முதல் பக்கத்தில் அது வரட்டும். ஒரு ஊர் கொடுக்கிற மனுவை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். ஆறு ஊர் ஒரே நாளில் ஒரே வார்த்தையில் கொடுத்தால் எந்த அலுவலகமானாலும் எடுத்துப் படிக்கத்தான் வேண்டும். வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள் தலையசைக்கிறார், மிக்க நன்றி ஐயா.

அதற்கு முன்னால் கால்வாயைப் பார்க்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் ஏரிக் கோடியில் நான் நிற்பேன். தலைவர்கள் எல்லோரும் வாருங்கள், வி.ஏ.ஓ.விடம் வரைபட நகல் வாங்கி வாருங்கள். உங்கள் ஊரில் பழைய நீர்க்கட்டிக் குடும்பம் இருந்தால் ஒரு பெரியவரைக் கையோடு கூட்டி வாருங்கள். முள் இருக்கும், நல்ல செருப்பாகப் போட்டு வாருங்கள். கூழ் நான் கொண்டுவருகிறேன்.

வணக்கம்.